வன்னியின் பழைய றோல்ஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கடை பழையதா புதியதா என்பதை அதன் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறத் தொடங்கியபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கூரையோடு நின்ற கட்டடங்கள் மிகச் சிலவே என்பதால், இரண்டு தலைமுறையாக அடுப்பெரியும் கடையும் சென்ற வருடம் திறந்த கடையும் ஒரே வகைச் சீமெந்துக்கல் சுவரோடும் ஒரே வகைத் தகரத்தோடும்தான் வீதியோரத்தில் நிற்கின்றன. கறுத்த மரத்தூணையும் தேய்ந்த படிக்கட்டையும் தேடிப் போகிறவர் அவற்றைக் காணாமலே திரும்ப வேண்டியிருக்கும். இங்கே கடையின் வயது பொரிக்கும் தாச்சிக்கு முன்னால் நிற்பவரின் கையிலும், அந்தக் கை போடுவதைச் சாப்பிட்டு வளர்ந்த வாடிக்கையாளரிடமும் இருக்கிறது. ஆகவே அப்படியான கடையைத் தேடிப் பிடிப்பதற்கும், போய்ச் சேர்ந்த பின் அங்கே நடந்துகொள்வதற்கும் சில முறைகளைத் தெரிந்து வைத்திருப்பது உதவும்.

இங்கே சொல்லப்படுவது ஏதோ ஒரு கடைக்கான விளம்பரம் அன்று. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் வரிசையாக வரும் ஊர்களிலும், மாங்குளத்திலும் பரந்தனிலும் இருந்து முல்லைத்தீவுக்குப் பிரியும் இரண்டு வீதிகளின் சந்திகளிலும், தேநீரும் வடையும் விற்றபடி, கறியைத் தோலில் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸுக்குப் பேர் வாங்கிய கடைகள் உள்ளன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான பழக்கவழக்கங்களே இங்கே எழுதப்படுகின்றன.

கடையைக் கண்டுபிடித்தல்

முதலில், கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். “இங்கே நல்ல சாப்பாட்டுக்கடை எது?” என்று கேட்டால், நீங்கள் வெளியூர் என்று கண்டவுடனே, குளிரூட்டிய அறையும் படம் போட்ட விலைப்பட்டியலும் உள்ள புதிய கடையைத்தான் காட்டுவார்கள், விருந்தாளியை நல்ல இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற மரியாதை அது. “அண்ணை, இஞ்சை கனகாலமா றோல்ஸ் போடுற கடை எது?” என்று கேட்டால் பதில் வேறாக வரும், அது பெரும்பாலும் ஓர் ஆளின் பெயராக இருக்கும். பலகையில் தெய்வத்தின் பெயரோ மகளின் பெயரோ எழுதியிருக்க, ஊர் அந்தக் கடையைத் தொடங்கியவரின் பெயராலோ, இப்போது இல்லாத ஒரு மரத்தை வைத்துப் “புளியடிக் கடை” என்றோ அழைத்துக்கொண்டிருக்கும். பலகைகளை வாசித்துக்கொண்டே வாகனம் ஓட்டுகிறவர் கடையைக் கடந்து போய்விடுவார். கைபேசி வரைபடத்திலும் பலகைப் பெயர்தான் இருக்கும், அதுவும் இருந்தால். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கேட்பதே சுருக்கமான வழி.

கடை எத்தனை வருடமாக நடக்கிறது என்று முதலாளியிடம் கேட்டால் ஆண்டுக்கணக்கில் பதில் வருவது அரிது; இடங்களின் பெயரால்தான் வரும். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது, அந்தப் பக்கத்து மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று இடம்பெயர, கடைக்காரர்களும் தாச்சியையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு அவர்களோடு போனார்கள்; மல்லாவி அந்த ஆண்டுகளில் வன்னியின் கடைத்தெருவாகவே இருந்தது. 1998 இல் கிளிநொச்சி மறுபடியும் கைமாறியது. 2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்து நான்கு ஆண்டுகள் நல்ல வியாபாரம் நடந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2008 இன் பிற்பகுதியிலிருந்து ஊரே தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து, கடைசியில் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் போய் நின்றது. எனவே “மல்லாவியில இருந்த நேரமே அப்பா றோல்ஸ் போட்டவர்” என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாமே தவிர, துருவக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. பழைய கடையின் கண்ணாடி அலுமாரி பெரும்பாலும் பாதி வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு சாமான் இல்லாத கடை என்று திரும்பிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து, முடிய முடிய மறுபடி பொரிக்கிற கடை என்பதே அதன் பொருள். முற்பகல் பதினொரு மணிக்குத் தட்டுத் தட்டாக நிரம்பி வழிகிற அலுமாரியைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும், ஏனெனில் அதில் உள்ளவை காலையில் பொரித்து விலைப்படாமல் நிற்பவையாகவே இருக்கும். இன்னோர் அடையாளம், வாய் திறக்காமலே தேநீர் வந்துசேரும் வாடிக்கையாளர்கள். வயதான ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாங்கில் அமர, ஒரு சொல்லும் இல்லாமல் அவர் முன்னால் வெறுந்தேநீர்க் கிளாஸும் பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வந்து நின்றால், நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சீனி அரிதாகி விலையேறியபோது, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துச் சாயம் குடிக்கப் பழகியவர்கள் பலர். அவர்களிற் சிலருக்குத் தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அதுவே ருசியாக நின்றுவிட்டது. அந்தத் துண்டுப் பனங்கட்டியை இன்றும் கேட்காமலே எடுத்து வைக்கத் தெரிந்த கடை, நேற்றுத் திறந்த கடையாக இருக்க முடியாது.

நாளும் நேரமும்

றோல்ஸுக்காகவே போகிறவர் பிற்பகல் மூன்றரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் போய்ச் சேருவதாகப் பயணத்தை ஒழுங்கு செய்ய வேண்டும். காலையில் இவ்வகைக் கடைகள் இடியப்பம், பிட்டு, ரொட்டி, சம்பல் என்று வேலைக்குப் போகிறவர்களின் பசியைக் கவனிக்கின்றன, பத்து மணித் தேநீருக்குக் கொஞ்சம் பொரிப்பு நடக்கும், நண்பகலில் சோறு, பொழுதுபட்ட பின் கொத்துறொட்டித் தகட்டின் சத்தம் தொடங்கிவிடும். பள்ளிக்கூடமும் அலுவலகமும் விட்ட பின், கொத்து தொடங்குவதற்கு முன், தாச்சி முழுவதும் றோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் வடைக்கும் கிடைக்கிற அந்த இடைவெளிதான் உங்களுக்குரிய நேரம். ஆறு மணிக்குப் போய் றோல்ஸ் முடிந்துவிட்டது என்று கேட்டால் கடைக்காரரிடம் குறை சொல்ல இடமில்லை.

மீன் றோல்ஸோ இறைச்சி றோல்ஸோ வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். சைவர்கள் நடத்தும் கடைகள் பலவற்றில் அன்று மச்சம் சமைப்பதில்லை; கந்தசஷ்டி போன்ற விரத நாட்களிலும் அவ்வாறே. மரக்கறி றோல்ஸை விரும்புகிறவர்களுக்கு இதே வெள்ளிக்கிழமை நல்ல நாள், ஏனெனில் அன்று கிழங்கிலும் கரட்டிலும் லீக்ஸிலும்தான் கடையின் முழுக் கவனமும் இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், ஓகஸ்ட் 15 ஆம் திகதி மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களிலும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலின் போதும் வீதிகளில் சனம் பெருகுவதால், கடைகள் அவசரத்தில் பொரிக்கும், இருக்க இடமும் இராது. அவசரத்தில் பொரித்த றோல்ஸின் உள்ளே கிழங்கு குளிர்ந்தே கிடக்கும்.

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நடக்கும்போது போவது தனி அனுபவம். வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவர்களும் நெல் ஏற்ற வந்த லொறிக்காரர்களும் கடையை நிறைத்திருப்பார்கள். கையில் காசு புழங்கும் காலம் என்பதால் கடையும் தாராளமாகப் பொரிக்கும். மார்கழி மழையில் போக நினைக்கிறவர்கள் மட்டும் வீதி நிலைமையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் பெய்த பெருமழையில் இரணைமடுக்குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல ஊர்கள் வெள்ளத்துள் நின்றன. அத்தகைய நாளில் றோல்ஸ் தேடிப் போவது கடைக்காரருக்கும் தொந்தரவு.

பயணம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1990 இல் நின்றுபோன வடக்குப் புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை திரும்ப வந்தது, அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. ஆகவே கிளிநொச்சிக்கு ரயிலிலும் வரலாம். வவுனியா – யாழ்ப்பாணம் பகல்நேரப் பஸ்களே இந்தக் கடைகளுக்குப் பொருத்தமானவை. கேட்ட சந்தியில் இறங்கி, சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து வரும் இரவுப் பஸ்கள் தமக்கென்று பேசி வைத்த கடைகளில்தான் நிறுத்துகின்றன, வன்னியை அவை விடியற்காலை இருட்டிலேயே கடந்துவிடும். சொந்த வாகனத்தில் போகிறவர்கள் லொறிகள் நிற்கும் பக்கத்தைக் கவனித்தால் போதும்.

உள்ளே போன பின்

வாசலை ஒட்டிய வாங்குகள் வழக்கமாக வருகிறவர்களுக்கு உரியவை. அங்கே எழுதி ஒட்டியிருக்காது, ஆனாலும் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் இடம் உண்டு. குடும்பமாகவோ பெண்கள் தனியாகவோ போகும்போது உள்ளே இருக்கும் மேசைகளுக்குப் போவது வசதி. கேட்டால் அவர்களே காட்டிவிடுவார்கள். முதலில் கையைக் கழுவிவிட்டு வந்து அமருங்கள். கழுவும் குழாய் பெரும்பாலும் குசினிக்குப் போகும் வழியில் இருப்பதால், அந்தச் சாட்டில் தாச்சியில் என்ன மிதக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். குடிதண்ணீர் விடயத்தில் கவனம் தேவை. வன்னியில் பல கிணறுகளின் நீர் சுண்ணாம்பும் உவரும் கலந்தது. பழக்கமில்லாத வயிற்றுக்குப் போத்தல் தண்ணீரோ கொதித்த தேநீரோ பாதுகாப்பு.

விலைப்பட்டியலைத் தேட வேண்டாம். நீங்கள் அமர்ந்தவுடனே, கேட்காமலே, றோல்ஸ், கட்லட், பற்றிஸ், வடை, வாய்ப்பன் எல்லாம் கலந்த தட்டு ஒன்று மேசைக்கு வரும். முதல்முறை காண்பவர்கள் இதைக் கண்டு மிரள்வார்கள்: இவ்வளவையும் யார் சாப்பிடுவது, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்று. எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு. எஞ்சியது தட்டோடு திரும்பிவிடும். அதனால்தான் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும்: தொட்டதை எடுக்க வேண்டும். சூடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்துவிட்டு விடுகிற பழக்கம், உங்களுக்குப் பிறகு அந்தத் தட்டிலிருந்து சாப்பிடப் போகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

தட்டில் வந்தவை ஆறியவையாக இருக்கலாம். அப்போது “தம்பி, சுடச்சுட றோல்ஸ் எப்ப வரும்?” என்று கேளுங்கள். “இப்ப இறக்கிறது” என்ற பதில் வந்தால் ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டுக் காத்திருப்பதே முறை. பதில் வராமல் ஒரு தலையாட்டல் மட்டும் வந்தாலும் அது பதில்தான். பரிமாறுகிற இளைஞர்களைத் தம்பி என்றும், கல்லாவில் இருப்பவரை அவரது வயதுக்கேற்ப அண்ணை என்றோ ஐயா என்றோ, அடுப்படியில் நிற்கும் பெண்களை அக்கா என்றோ அம்மா என்றோ அழைப்பதே வழக்கம். கைதட்டிக் கூப்பிடுவதையும் விரல் சொடுக்குவதையும் இந்தக் கடைகள் மன்னிப்பதில்லை. யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்கள் தேநீர் மட்டும் கடைசியாக வரும்.

தேநீர் சொல்வதற்கும் சொற்கள் உள்ளன. பிளேன்ரீ என்றால் சீனி போட்ட சாயம். பால் தேத்தண்ணி என்றால் பெரும்பாலும் மாப்பாலில் போடுவது. பசுப்பால் வேண்டுமென்றால் கேட்டுப் பார்க்கலாம், மாடு வளர்க்கும் ஊர்கள் என்பதால் சில கடைகளில் கிடைக்கும். “சீனி குறைச்சு”, “சாயம் கூட” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வன்னி வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவரின் நாக்குக்கு ஏற்ற சீனிதான் விழும். மேசையில் கிடக்கும் பத்திரிகையை எடுத்து வாசிக்கலாம். ஆனால் முழுவதையும் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பத்திரிகை தாள் தாளாகப் பிரிந்து நான்கு மேசையில் சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் கையில் உள்ள விளையாட்டுப் பக்கத்துக்காக ஒருவர் காத்திருப்பார்.

றோல்ஸைச் சாப்பிடும் முறை

கோதுமை மாவையும் முட்டையையும் கரைத்துத் தோசைபோல் மெல்லிதாக ஊற்றி எடுத்த தோலில், அவித்த கிழங்கோடு மீனோ இறைச்சியோ சேர்த்துப் பிரட்டிய கறியை வைத்து, இரு பக்கமும் மடித்துச் சுருட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பாண்தூளில் உருட்டிப் பொரிப்பதே றோல்ஸ். செய்முறை நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கடைக்குக் கடை வேறுபடுவது தோலின் மென்மையும், மிளகின் அளவும், கறியை எவ்வளவு ஈரத்தோடு இறக்குகிறார்கள் என்பதும். மீன் றோல்ஸ் என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் ரின்மீன்தான் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கடைகளில் அன்று கரைக்கு வந்த மீனை அவித்து முள் நீக்கிப் போடுவதும் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல றோல்ஸ் என்பது அதன் நுனியில் தெரியும். நடுவில் மட்டும் கறியை வைத்து இரு முனையிலும் வெறுந்தோலை மடித்து நீளம் காட்டுவது அவசரக் கடையின் வேலை. பழைய கை கறியை முனைவரை கொண்டுபோய், தோலை ஒரு மடிப்பு மட்டும் உள்ளே தள்ளி நிறுத்தும். கடிப்பதற்கு முன் நடுவில் இரண்டாக உடையுங்கள். மேலே பாண்தூள் மெல்லிய ஓசையோடு விரிசல்விட, உள்ளே தோல் மட்டும் இன்னும் மெதுவாக இழுபட்டுப் பிரியும். கிழங்கு முழுவதும் மசியாமல் அங்கங்கே கட்டியாக நிற்கும், வெங்காயம் வதங்கியும் பல்லுக்குத் தட்டுப்படும், கறிவேப்பிலை முழு இலையாக அகப்படாது, நறுக்கிப் போட்டிருப்பார்கள். உறைப்பு முதல் கடியில் வராது. விழுங்கிய பின் தொண்டையில் மிளகு எழும்பும், பச்சைமிளகாய் அதற்குப் பின்னால் வரும். உடைத்த துண்டைத் தட்டில் விரித்திருக்கும் கடதாசியில் ஒருமுறை வைத்து எடுத்துப் பாருங்கள்: சிறிய எண்ணெய்ப் பொட்டு மட்டும் விழுந்தால் எண்ணெய் சரியான சூட்டில் இருந்திருக்கிறது; கடதாசி முழுவதும் ஊறினால் எண்ணெய் சூடேறுவதற்கு முன்னரே றோல்ஸைப் போட்டுவிட்டார்கள்.

தாச்சியிலிருந்து நேரே வந்ததை உடனே வாயில் வைக்கக் கூடாது. மேற்தோல் ஆறிவிட்டதாகத் தோன்றும்போதும் கிழங்கு சூட்டை விடாது. அண்ணம் வெந்தால் அன்றைய சாப்பாடு அத்தோடு முடிந்தது. உடைத்து வைத்துவிட்டுத் தேநீரில் இரண்டு மிடறு குடிக்கும் நேரம் போதுமானது. தக்காளி சோஸ் கேட்டால் தருவார்கள். முதல் பாதியை ஒன்றும் தொடாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு வேண்டுமானால் தொட்டுக்கொள்ளுங்கள் என்பது எனது கருத்து. எடுத்தவுடனே சோஸில் குளிப்பாட்டினால் எல்லாக் கடை றோல்ஸும் ஒரே ருசிதான், அதற்கு வன்னிவரை வர வேண்டியதில்லை.

றோல்ஸுக்குப் பிறகு ஒரு வாய்ப்பன் எடுக்கலாம். கனிந்த வாழைப்பழத்தை மாவோடும் சீனியோடும் பிசைந்து பொரித்தது. மிளகு எரிச்சலை அது ஆற்றும். பற்றிஸைப் பற்றி நான் நல்லதாக எதுவும் சொல்ல மாட்டேன். இந்தக் கடைகளில் அது தட்டை நிரப்புவதற்காகவே வருகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், “ஹொட் டோக் இருக்குதா?” என்ற கேள்வியை எதிர்பார்த்தே போக வேண்டும். ஜேர்மனியக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போன சொசேஜ், அங்கே நீளப் பணிஸுக்குள் ஏறி, வீதியோரத்தில் நின்றபடி கையில் வைத்துச் சாப்பிடும் உணவாகி, நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் 1916 இல் தொடங்கிய நேதன்ஸ் போன்ற கடைகளால் பேர் பெற்றது. அதற்கு இலங்கையில் கிடைக்கும் உறவு சொசேஜ் பணிஸ்; சொசேஜை மாவோடு சேர்த்தே வேகவைத்துவிடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆனால் அது பேக்கரிச் சாமான். பழைய றோல்ஸ் கடையில் இருந்தாலும் வெளியிலிருந்து வாங்கி வைத்ததாகவே இருக்கும். அதைவிட, பாட்டுப் போட்டுக்கொண்டு பின்னேரம் ஒழுங்கைகளுக்குள் வரும் பாண் ஓட்டோவில் வாங்குவது மேல். பிள்ளைகளுக்கு றோல்ஸை, இங்குள்ள ஹொட் டோக் இதுதான் என்று சொல்லிக் கையில் கொடுத்துப் பாருங்கள். கையில் பிடித்துச் சாப்பிடுவது, வீதியோரம், பின்னேரப் பசி எல்லாம் ஒன்றுதான் என்பதால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். உறைப்புக்குப் பழகாத சிறுபிள்ளைகளுக்கு முதலில் ஒரு வாய்ப்பன், பிறகு மரக்கறி றோல்ஸ், கடைசியாக மீன் என்ற ஒழுங்கு நல்லது.

பிள்ளைகள் கேட்கும் வேறு கேள்விகளுக்கும் ஆயத்தமாக இருங்கள். சுவரில் மாலையிட்ட படம் இருந்தால் அது யார் என்று அவர்கள் உரத்துக் கேட்பார்கள். வன்னியில் அந்தக் கேள்விக்கான பதில் எங்கே போய் முடியும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பதில் சொல்லும் பொறுப்பைக் கடைக்காரர் மேல் போடாமல், வெளியே வந்த பின் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தாமாகப் பேசத் தொடங்கினால் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். படம் எடுப்பதும் அவ்வாறே: தாச்சியை, தட்டை, தேநீர் ஆற்றும் கையைப் படமெடுக்கக் கேட்டால் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார்கள், ஆனால் கேட்காமல் வாங்கில் இருக்கும் முதியவர்களின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவது எந்த ஊரிலும் பண்பன்று, இங்கே இன்னும் கூடுதலாக அன்று. வீதியில் இராணுவ முகாம்களை நோக்கிக் கைபேசியைத் திருப்பாமல் இருப்பதும் நல்லது.

காசும் பொதியும்

எழுந்து கல்லாவுக்குப் போனதும், “என்ன சாப்பிட்டனீங்கள்?” என்ற கேள்வி வரும். நீங்கள் சொல்வதே கணக்கு. பற்றுச்சீட்டு இல்லை, முதலாளி மனதிலேயே கூட்டிச் சொல்வார், அது பிழைத்து நான் கண்டதில்லை. உங்கள் எண்ணிக்கையை நம்புவதாகத்தான் அவர் முகம் இருக்கும், ஆனால் தட்டைத் திருப்பி எடுத்துப்போன தம்பி எஞ்சியதை எண்ணிவிட்டுத்தான் போயிருப்பார். ஆகவே தடுமாற்றம் வந்தால் “தட்டைப் பாத்துச் சொல்லுங்கோ” என்று விட்டுவிடுவதே இருவருக்கும் நிம்மதி. வங்கி அட்டை செல்லாது என்று எண்ணிக்கொண்டே போங்கள். 5000 ரூபாத் தாளை நீட்டினால், மாற்றுவதற்காக ஒரு பிள்ளை பக்கத்து எரிபொருள் நிலையம்வரை ஓட வேண்டிவரும். சில்லறைத் தாள்களைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மாவும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறிய விலைக்கு, பழைய நினைவில் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது அழகல்ல. பரிமாறிய தம்பிக்கு ஏதும் கொடுக்க விரும்பினால் மேசையில் போட்டுவிட்டுப் போகாமல், கையில் கொடுங்கள். வெளிநாட்டு நாணயம் கொடுக்க வேண்டாம், அதை மாற்றுவது அவருக்கு அலைச்சல்.

பொதி கட்டி எடுத்துப் போகிறவர்கள் கடதாசியில் மட்டும் சுற்றித் தரும்படி கேளுங்கள். சூட்டோடு சொப்பின் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் ஆவி வெளியேறாமல் பாண்தூள் நனைந்து, அரை மணி நேரத்தில் தோல் கழன்றுவிடும். வாயைத் திறந்து வைத்த கடதாசிப் பையில் பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம்வரை தாங்கும். அன்றிரவே சாப்பிட்டு முடிக்க வேண்டும். வீட்டில் சூடாக்குவதென்றால் எண்ணெய் விடாத தாச்சியில் மெல்லிய நெருப்பில் புரட்டி எடுங்கள், மைக்ரோவேவில் வைத்தால் தோல் சவ்வாகும். கொழும்புக்கு இரவுப் பஸ்ஸில் கொண்டுபோவதற்கு மீன் றோல்ஸ் உதவாது, வன்னி வெக்கையில் மீனும் கிழங்கும் விடியும்வரை நல்லபடி இரா. கொழும்பில் இருப்பவர்களுக்கு ஏதும் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால், எல்லா வாகனங்களும் நிற்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கி, ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வறுத்த கச்சானில் (நிலக்கடலை) நாலைந்து கடதாசிச் சரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒன்றை உடைத்துத் தின்று பார்த்து, ஈரப்பதமாக இருந்தால் அடுத்த தட்டுக்காரரிடம் போங்கள்.